பிரீடயாபடிஸில் சர்க்கரை சென்சாரும் உணவு ஆலோசனையும்: எது எதற்கு உதவும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 43. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 சதவீதம், வெறும் வயிற்றில் சர்க்கரை 112 மி.கி./டெ.லி. டாக்டர் பிரீடயாபடிஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று சொல்லி உணவு ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறார். டயட்டீஷியன், முதல் சந்திப்புக்கு முன்பே இரவும் பகலும் சர்க்கரையை அளந்து கைபேசியில் காட்டும் பதினான்கு நாள் சென்சார் ஒன்றைக் கையில் ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஒட்டிய நான்காம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 171 காட்டியது, அன்றிரவு தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது என்னவோ 'இந்த சென்சார் உண்மையிலேயே தேவையா?' என்று ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 171 வந்துவிட்டதே, எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதா? கருவியே எல்லாவற்றையும் காட்டும்போது ஆலோசனை எதற்கு? இரண்டையும் சேர்த்துச் செய்தால் நோய் வராமல் தடுத்துவிடலாமா?

நான் பதினேழு ஆண்டுகளாக உணவு ஆலோசனை தருகிறேன். கடந்த சில ஆண்டுகளாகச் சென்சார் கிராஃபை மேசையில் வைத்துக்கொண்டு பேசுவதும் வழக்கமாகிவிட்டது. நான் மருத்துவர் இல்லை. நோய் இருக்கிறதா இல்லையா என்பதும், மருந்து வேண்டுமா என்பதும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அதைத் தவிர மற்றதைப் பேசலாம்.

தூக்கத்தைக் கெடுத்த 171இலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஒரு எண்ணை வைத்து யாரும் உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில் சர்க்கரை நோய் என்பது வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல், அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல். பிரீடயாபடிஸ் என்பது வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4, இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவை 110இலிருந்துதான் கணக்கில் எடுக்கிறது. உங்கள் 112 இரண்டு கணக்கிலும் உள்ளேதான் வருகிறது. இந்த எண்கள் எல்லாம் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பவை. சென்சார் எண் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத 153 பேருக்குச் சென்சார் ஒட்டிப் பார்த்தார்கள். சராசரி 98, 99 அளவில் இருந்தது. அவர்களுக்கும் ஒரு நாளில் சுமார் அரை மணி நேரம் 140க்கு மேல் போயிருந்தது. ஆக, சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவது நோயல்ல, உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது. எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது, எத்தனை நாள் அப்படி நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் 171 ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டதென்றால், பிரீடயாபடிஸ் உள்ளவர்களிடம் நான் தினமும் பார்க்கும் கிராஃப்தான் அது. திரும்பத் திரும்ப 200ஐத் தாண்டினாலோ, சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியும் 180க்குக் கீழே வராமல் நின்றாலோ, அதை வீட்டில் வைத்து யோசிக்காமல் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். சென்சாரின் நுண்ணிய இழை ரத்தக் குழாய்க்குள் போவதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே இருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அந்த நீருக்கு வந்து சேர ஐந்து பத்து நிமிடம் ஆகும். ஏற்றம் வேகமாக இருக்கும்போது இடைவெளி இன்னும் கூடும். இப்போதைய நல்ல சென்சார்களில்கூடச் சராசரிப் பிழை 8 முதல் 10 சதவீதம் இருக்கிறது. அதாவது 171 என்று காட்டும்போது உண்மையில் 155ஆக இருந்திருக்கலாம், 187ஆகவும் இருந்திருக்கலாம். ஒட்டிய முதல் நாள் எண்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஊசி பட்ட இடம் அடங்க நேரம் வேண்டும். சில சென்சார்களில் வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். உங்கள் கருவியோடு வந்த கையேட்டில் அது எழுதியிருக்கும், பாருங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓர் அம்மா தன் கிராஃபைக் கொண்டுவந்தார். தினமும் இரவு இரண்டு மூன்று மணிக்கு 58, 55 என்று செங்குத்தாக விழுந்து, அரை மணி நேரத்தில் திரும்ப 95க்கு ஏறியிருந்தது. பயந்துபோய் ஒரு வாரமாகப் படுக்கும் முன் இனிப்பான பானம் ஒன்றைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். சர்க்கரைக்கு எந்த மருந்தும் எடுக்காதவர் அவர். நான் கேட்டது ஒரே கேள்வி: எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள்? இடது பக்கம். சென்சாரும் இடது கையில். உடம்பின் எடை சென்சார் மேல் விழுந்ததால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, எண்ணும் விழுந்திருக்கிறது. அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டினோம். அந்தப் பள்ளம் திரும்ப வரவே இல்லை. இல்லாத தாழ்வுக்குப் பயந்து அவர் ஒரு வாரம் இரவில் சர்க்கரை குடித்துக்கொண்டிருந்தார். கருவி மட்டும் போதுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த அம்மாவின் முகம்தான்.

சரி, உங்கள் மூன்றாவது கேள்வியை முன்னால் கொண்டுவருகிறேன், ஏனென்றால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அங்கேதான் அதிகம் இருக்கிறது. பிரீடயாபடிஸ் நிலையிலிருந்து சர்க்கரை நோய்க்குப் போவதை உணவும் நடையும் தடுக்கும், குறைந்தது தள்ளிப்போடும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்ட விஷயம். சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் 577 பேரோடு தொடங்கிய ஆய்வு ஆறு ஆண்டு முடிவில் இதைக் காட்டியது. ஃபின்லாந்தில் 522 பேர் கலந்துகொண்ட ஆய்வு 2001இல் வெளியானது, நோய் வரும் ஆபத்து 58 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்காவில் 3,234 பேரோடு நடந்த பெரிய ஆய்வு 2002இல் வந்தது. அங்கேயும் அதே 58 சதவீதம்தான், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். இந்தியாவில் 531 பேரிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தது. அந்த இந்திய ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லையே என்று பாதியில் விட்டுவிடுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த நான்கு ஆய்வுகளிலும் யார் கையிலும் சென்சார் இல்லை. இதைக் கவனியுங்கள். அமெரிக்க ஆய்வில் வைத்த இலக்குகள் இரண்டே இரண்டு: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடற்பயிற்சி. அதற்காக ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் ஆலோசகர், ஆறு மாதத்தில் பதினாறு பாடங்கள், அதன்பிறகும் தொடர்ந்து சந்திப்பு. 58 சதவீதம் என்பது ஒரு தாளில் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலின் விளைவு இல்லை. ஒருவர் கூடவே இருந்து, போன வாரம் ஏன் முடியவில்லை என்று கேட்டு, வழியை மாற்றிக் கொடுத்ததன் விளைவு. ஆலோசனை என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் இந்த ஆலோசனையோடு சென்சாரைச் சேர்த்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? இங்கே ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. பிரீடயாபடிஸ் உள்ளவர்கள் சென்சார் அணிந்ததால் சர்க்கரை நோய் வருவது குறைந்தது என்று, மேலே சொன்ன ஆய்வுகளின் அளவில், யாரும் இன்னும் காட்டவில்லை. இருப்பவை சில மாதங்கள் நடந்த சிறிய ஆய்வுகள். இஸ்ரேலில் பிரீடயாபடிஸ் உள்ள 225 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் நல்ல ஒன்று. ஒரு குழுவுக்கு, அவரவர் உடம்பில் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எப்படி ஏறும் என்று கணித்து அதற்கேற்ற உணவு. இன்னொரு குழுவுக்குப் பொதுவான மத்திய தரைக்கடல் உணவு முறை. முதல் குழுவில் எச்பிஏ1சி 0.16 குறைந்தது, இரண்டாவதில் 0.08. வித்தியாசம் உண்மைதான், ஆனால் மிகச் சிறியது. 2022இல் அமெரிக்காவில் 204 பேரிடம் இதே மாதிரிக் கணிப்பு உணவைக் குறைந்த கொழுப்பு உணவோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் எடைக் குறைவில் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இன்சுலின் போடாத பெரியவர்கள் மருத்துவச் சீட்டு இல்லாமலே வாங்கும் முதல் சென்சாருக்கு அனுமதி தந்தது. அப்புறம்தான் விளம்பரங்களும் பெருகின. அந்த அனுமதிக்கு அர்த்தம், கருவி சரியாக அளக்கிறது, பாதுகாப்பானது என்பதுதான். அணிந்தால் நோய் தடுக்கப்படும் என்று அது சொல்லவில்லை. விளம்பரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பிறகு ஏன் நானே பலருக்குச் சென்சார் சொல்கிறேன்? என் அனுபவத்தில் அது ஒரு வேலையை வேறு எதையும்விட நன்றாகச் செய்கிறது. ஆலோசனையில் நான் பத்து மாற்றங்களைச் சொல்லலாம். ஒருவரால் விடாமல் செய்ய முடிவது இரண்டோ மூன்றோதான். எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்க அந்தக் கிராஃப் உதவுகிறது. நடந்துவிட்டு வந்து கைபேசியில் கோடு இறங்கியிருப்பதைத் தன் கண்ணால் பார்த்தவருக்கு, நடங்கள் என்று நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருப்பதில்லை. இது ஆய்வில் நிரூபணமானது என்று சொல்லவில்லை, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்தது.

ஒரே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி ஏற்றும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரிடம் 46,000க்கும் மேற்பட்ட உணவு வேளைகளை அளந்து அதைக் காட்டியது. ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர், ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் சென்சார்களை ஒட்டிப் பார்த்தார்கள். எந்தச் சாப்பாடு அதிகம் ஏற்றியது என்பதில் இரண்டு கருவிகளும் பல சமயம் ஒத்துப்போகவில்லை. ஒரே ஆள் ஒரே சாப்பாட்டை வேறொரு நாள் சாப்பிட்டாலும் எண் கணிசமாக மாறுகிறது. அதனால் ஒரு நாள் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'இது என் உடம்புக்கு ஆகாது' என்று ஓர் உணவைத் தள்ளிவைப்பது தவறு.

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை சாப்பிட்ட அதே உணவை, அதே அளவில், அதே நேரத்தில் வியாழக்கிழமையும் சாப்பிட்டார். செவ்வாய் 138, வியாழன் 172. உணவுக் குறிப்பேட்டில் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'இரவு 4 மணி நேரம்தான் தூக்கம்' என்று எழுதியிருந்தார். 1999இல் 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் உடம்பு குளுக்கோஸைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. அப்படியானால் அந்த 34 புள்ளிக்கும் தூக்கம்தான் காரணமா? சொல்ல முடியாது. தூக்கமாக இருக்கலாம், சென்சார் பிழையாக இருக்கலாம், செவ்வாய்க்கு முந்தைய மாலை அவர் நடைப்பயிற்சி செய்திருக்கலாம். இரண்டு நாள் எண்ணை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்டது, அடுத்த வாரம் தூக்கத்தைச் சரிசெய்துகொண்டு அதே காலை உணவை மூன்று நாள் சாப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான்.

இந்த முறையைத்தான் உங்களுக்கும் சொல்வேன். முதல் மூன்று நான்கு நாள் எதையும் மாற்றாமல் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். சென்சார் ஒட்டியதும் பலர் உடனே நல்ல பிள்ளையாக மாறிவிடுகிறார்கள், அப்புறம் கிராஃபில் நான் பார்ப்பது அவர்களுடைய உண்மையான வாழ்க்கையாக இருப்பதில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, தூக்கம், நடை, மன அழுத்தம், இவற்றை ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டால் போதும். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் குறைந்தது மூன்று முறை. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எந்த மாற்றங்களைச் சோதித்துப் பார்க்கலாம்? என் கையில் அதிகம் பலித்தவை இரண்டு. முதலாவது, சாப்பிடும் வரிசை. தட்டில் இருப்பது அதேதான், காயும் பருப்போ முட்டையோ மீனோ முதலில், சோறு அல்லது ரொட்டி கடைசியில். 2015இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய் உள்ள 11 பேரிடம் செய்த சிறு ஆய்வில், இப்படி வரிசை மாற்றியதும் ஒரு மணி நேரச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. பிறகு பிரீடயாபடிஸ் உள்ளவர்களிடமும் அதே குழு அதே திசையில் பலன் கண்டது. ஆய்வில் ஆட்கள் குறைவு என்பது உண்மை. ஆனாலும் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை, பத்து நாளில் உங்கள் கிராஃபிலேயே பார்த்துவிடலாம். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மாவுச்சத்து சிறுகுடலுக்கு ஒரேயடியாகப் போய்ச் சேர்வதில்லை.

இரண்டாவது, சாப்பிட்ட பிறகு நடை. வயதானவர்கள் 10 பேரிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 15 நிமிடம் நடப்பது, காலையில் 45 நிமிடம் ஒரேயடியாக நடப்பதற்கு ஈடாக நாள் முழுவதும் சர்க்கரையைக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தை அதைவிட நன்றாகவே அடக்கியது. வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் 171 வந்த அதே மதியச் சாப்பாட்டை அப்படியே சாப்பிட்டுவிட்டு, இருபது முப்பது நிமிடத்தில் எழுந்து கால் மணி நேரம் நடந்து பாருங்கள். மூன்று நாள் செய்யுங்கள். பலருக்கு மேடு தாழ்ந்து பரவிவிடும்.

அளவைக் குறைப்பது, இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளுவது, முழுத் தானியத்துக்கு மாறுவது எல்லாம் அடுத்த வரிசையில் வரும். மாலையில் இன்சுலின் காலையைப்போல வேலை செய்வதில்லை என்பதால், அதே உணவு இரவு ஒன்பதரைக்குச் சற்று அதிகமாக ஏற்றும். இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் டயட்டீஷியன் உங்கள் வேலை நேரத்தையும் வீட்டுச் சூழலையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கிராஃபில் இன்னும் இரண்டு விஷயம் உங்களைப் பயமுறுத்தலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் எதுவும் சாப்பிடாமலே கோடு ஏறும். எழுந்திருக்கும் நேரத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே விடச் செய்கின்றன. கடுமையான உடற்பயிற்சியின்போதும் அட்ரினலின் காரணமாகச் சற்று நேரம் ஏறும். அதைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சியை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இப்போது மிக முக்கியமானது. சென்சார் குளுக்கோஸை மட்டுமே பார்க்கும். ஒருவர் என்னிடம் வந்தபோது கோடு கிட்டத்தட்ட நேராக இருந்தது, 90க்கும் 115க்கும் நடுவில். மிகவும் சந்தோஷமாகக் காட்டினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கோட்டை ஏற்றுகிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்தியிருந்தார்: தானியம், பிறகு பழம், பிறகு பருப்பு வகைகளும். கடைசியில் தட்டில் மிஞ்சியது வெண்ணெய், சீஸ், வறுத்த இறைச்சி. மூன்று மாதத்தில் கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் நன்றாக ஏறியிருந்தது, மலச்சிக்கல் வேறு. பிரீடயாபடிஸில் நாம் பயப்பட வேண்டியது சர்க்கரை நோய்க்கு மட்டும் இல்லை, இதய நோய்க்கும்தான். கொழுப்பு கோட்டை ஏற்றாது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் பெரிதாக ஏற்றாது, ஆனால் அதிகமானால் கல்லீரலில் கொழுப்பாகும். மது சில நேரம் கோட்டை இறக்கக்கூடச் செய்யும். அதனாலெல்லாம் அவை நல்லவை ஆகிவிடுமா? பருப்பும் முழுத் தானியமும் பழமும் கொஞ்சம் ஏற்றினாலும் உடம்புக்கு நல்லவையே. அந்த நபரைத் திரும்பப் பருப்பு சாப்பிட வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கோட்டைத் தட்டையாக்குவதை ஒருபோதும் இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோடு சொல்லாத இன்னொன்று இன்சுலின். ஆரம்பக் கட்டத்தில் கணையம் வழக்கத்தைவிட அதிகமாக இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை அடக்கி வைத்திருக்கும். கிராஃப் அழகாக இருக்கும், உள்ளே உழைப்பு அதிகமாக இருக்கும். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இவற்றையும் டயட்டீஷியன் கேட்பது அதனால்தான்.

பிரீடயாபடிஸ் உள்ளவர் ஒரு நாளில் எத்தனை சதவீதம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட இலக்கு கிடையாது. 70 முதல் 140 என்று செயலிகள் காட்டுவது ஆரோக்கியமானவர்களின் அளவை வைத்து எடுத்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கான 70 முதல் 180 என்ற எல்லை வேறு. செயலி தரும் மதிப்பெண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். உங்களுடைய முதல் வாரத்தை உங்களுடைய இரண்டாம் வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சிலருக்கு நான் சென்சார் வேண்டாம் என்றே சொல்வேன். முன்பு உணவு தொடர்பான மனநலப் பிரச்சினை இருந்தவர்கள், எண்ணைப் பார்த்தால் சாப்பாட்டையே தவிர்ப்பவர்கள், இரவில் எழுந்து எழுந்து பார்ப்பவர்கள். நீங்கள் ஓர் இரவு தூங்கவில்லை என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன்: இன்னும் அப்படியே இருக்கிறதா? இருந்தால் எச்சரிக்கை ஒலிகளை நிறுத்திவிட்டு, செயலியைச் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு முறை மட்டும் திறந்து பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், எண் உங்களுக்குத் தெரியாமல் பதிவாகி ஆலோசகர் மட்டும் பார்க்கும் வகையும் இருக்கிறது. டயட்டீஷியனிடம் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

சென்சார் வாங்க வசதி இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். விரலில் குத்திப் பார்க்கும் சாதாரண குளுக்கோமீட்டரே இதில் பெரும்பகுதியைச் செய்யும். ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று. வாரத்தில் மூன்று நாள் இப்படி ஜோடியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் ஒரு மாற்றம் செய்து திரும்பப் பாருங்கள். முழு மேடு தெரியாது. ஆனால் எந்த வேளை தொந்தரவு தருகிறது என்பது தெரிந்துவிடும், ஆலோசனையைத் தொடங்க அது போதும். சென்சாரா ஆலோசனையா, ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்காமல் ஆலோசனையை எடுங்கள்.

உங்களுக்கு இன்னும் பத்து நாள் சென்சார் இருக்கிறது. முதல் சந்திப்பு எட்டாம் நாள் என்று எழுதியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. அதுவரை குறிப்பேடு மட்டும் எழுதுங்கள், எதையும் நிறுத்தாதீர்கள். 171 வந்த நாளின் பக்கத்தைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள், காலை உணவைத் தவிர்த்தீர்களா என்பதும் அதில் இருக்கட்டும். காலையில் பட்டினி கிடந்துவிட்டு மதியம் சாப்பிட்டால் அதே சாப்பாடு அதிகமாக ஏற்றுவது பலருக்கு நடக்கும். சந்திப்பில் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, மீதி நாட்களை அதைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் கழன்றதும் உடனே அடுத்ததை வாங்க வேண்டியதில்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வாரம், பிறகு ஆறேழு மாதம் கழித்துத் தேவைப்பட்டால் இன்னொரு இரண்டு வாரம், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பாருங்கள். அப்போது ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அப்படி இருந்தால் உங்கள் 6.1ஐயே அவர் வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கும்.